வீடில்லாதவர்கள் பொது நூலகத்துக்கு வரலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொது நூலகங்களைப் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் கொஞ்ச நேரத்தில் இந்தச் சண்டைக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. தங்க வீடில்லாதவர்கள் காலையில் கதவு திறந்ததும் உள்ளே வந்து, சாயங்காலம் மூடும்வரை இருக்கிறார்கள், இதை அனுமதிக்கலாமா கூடாதா என்று. என் பதில் எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை. ஆனால் எதிர்த்துப் பேசுகிறவர்கள் எல்லோரும் ஈவிரக்கமில்லாதவர்கள் என்று நான் நினைக்கவில்லை, அவர்கள் கேட்பதில் பாதிக்கு மேல் நியாயமான கேள்விகள். அதனால் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். அவர்களை உள்ளே விடலாமா?

விடலாம். அவர்களும் பொதுமக்கள்தான், அது பொது நூலகம்தான். உள்ளே வந்தபின் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு விதிகள் இருக்கலாம், இருக்கவும் வேண்டும். அந்த விதி வீடுள்ளவருக்கும் வீடில்லாதவருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் என் ஒரே நிபந்தனை.

ஏன் நூலகத்தையே தேடி வருகிறார்கள்? வேறு இடமா இல்லை?

பெரும்பாலும் இல்லை. பல ஊர்களில் இரவுத் தங்குமிடம் என்றால் இரவுக்கு மட்டும்தான். விடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டும், மறுபடி சாயங்காலம்தான் வரிசையில் நிற்கலாம். இடைப்பட்ட 10, 12 மணி நேரம் எங்கே போவது? கடையில் எதையாவது வாங்கினால்தான் உட்கார விடுவார்கள். ரயில் நிலையத்தில் பயணச்சீட்டு கேட்பார்கள். பூங்காவில் மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்க இடமிருக்காது, பெஞ்சில் யாரும் படுத்துவிடக் கூடாது என்று நடுவில் கம்பி வேறு வைத்திருப்பார்கள். காசும் கேட்காமல், காரணமும் கேட்காமல், கூரை, குடிதண்ணீர், கழிவறை, மின்சாரம், நாற்காலி எல்லாம் சேர்ந்து கிடைக்கிற இடம் என்று தேடிப்பார்த்தால் நூலகம் ஒன்றுதான் மிஞ்சுகிறது.

ஆனால் ஒதுங்க மட்டும்தான் வருகிறார்கள் என்று நினைத்தால் அது தப்பு. காலையில் நாளிதழுக்கு முதல் ஆளாக நிற்பவரும் தடிமனான வரலாற்றுப் புத்தகத்தை நாள் கணக்கில் விட்ட இடத்திலிருந்து தொடர்பவரும் அவர்களில் உண்டு. அதைவிட முக்கியம், கணினி. இன்று வேலைக்கு விண்ணப்பிப்பது, உதவித்தொகைக்கு மனு போடுவது, தங்குமிடத்துக்குப் பதிவு செய்வது, மருத்துவமனையில் நேரம் வாங்குவது எல்லாம் இணையத்தில்தான். தெருவில் வாழ்கிறவரின் கைபேசி அடிக்கடி திருடு போகும், அல்லது நனைந்து வீணாகும். கைபேசி போனால் எண் போச்சு, எண் போனால் ஓடிபி வராது, ஓடிபி வராவிட்டால் மின்னஞ்சலைத் திறக்க முடியாது, மின்னஞ்சலைத் திறக்காவிட்டால் வேலைக்குக் கூப்பிட்டார்களா இல்லையா என்பதே தெரியாது. அடையாள அட்டை வாங்க முகவரி கேட்பார்கள், வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் அடையாள அட்டை கேட்பார்கள். இந்தச் சிக்கலை ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்துக்கொண்டு ஒருவர் நூலகக் கணினி முன்னால் அரைநாள் உட்கார்ந்திருந்தால், பின்னால் நிற்பவருக்கு அவர் சும்மா நேரம் போக்குவதாகத்தான் தெரியும்.

நூலகம் படிக்கிற இடம்தானே? இது என்ன சத்திரமா?

சத்திரம் இல்லை, சரி. ஆனால் ஒரு நாள் நூலகத்துக்குப் போய், யார் யார் என்ன செய்கிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். போட்டித் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து நாள் முழுக்க இடம் பிடித்துக்கொண்டிருப்பார்கள், நூலகத்தின் ஒரு நூலைக்கூடத் தொட்டிருக்க மாட்டார்கள். ஓய்வுபெற்றவர்கள் நாளிதழுக்கும் நண்பர்களுக்கும் வருவார்கள். சிலர் வைஃபைக்கு வருவார்கள், சிலர் வீட்டில் கூச்சல் தாங்காமல் வருவார்கள். இவர்களில் யாரிடமும் நாம் "நீங்கள் படிக்கத்தான் வந்தீர்களா?" என்று கேட்பதில்லை. கேட்கவும் கூடாது. பிறகு ஒருவரிடம் மட்டும் ஏன் அந்தக் கேள்வி?

நூலகவியலுக்கு அடித்தளம் போட்ட எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-ல் வெளியிட்ட ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது. அதில் விலக்கு எதுவும் கிடையாது. யுனெஸ்கோவின் பொது நூலகப் பிரகடனம் 1949-ல் வந்தது. 1994-ல் அதைத் திருத்தி எழுதியபோது வயது, இனம், பாலினம், மதம், நாடு, மொழி, சமூக நிலை எதையும் பார்க்காமல் எல்லோருக்கும் சமமான சேவை என்று தெளிவாகவே எழுதினார்கள். வழக்கமான சேவையைப் பயன்படுத்த முடியாதவர்களுக்குத் தனிச் சேவை தர வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. வீடில்லாதவர்களுக்கு இடம் கொடுப்பது புதிதாக யாரோ கிளப்பிவிட்ட யோசனை என்று பேசுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது?

நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் இந்தக் கேள்வியை நேருக்கு நேர் விசாரித்த இரண்டு அமெரிக்க வழக்குகள் இருக்கின்றன. எங்கே வாழ்கிறவர்களுக்கும் அவற்றிலிருந்து எடுத்துக்கொள்ள விஷயம் உண்டு.

முதலாவது கிரைமர் வழக்கு. நியூ ஜெர்சி மாநிலத்தில் மாரிஸ்டவுன் என்ற ஊரின் நூலகத்துக்கு ரிச்சர்ட் கிரைமர் என்ற வீடில்லாத மனிதர் தினமும் வந்துகொண்டிருந்தார். அவர் மற்றவர்களை முறைத்துப் பார்க்கிறார், பின்தொடர்கிறார், அவர்மேல் துர்நாற்றம் வீசுகிறது என்றெல்லாம் புகார் வந்தது. 1989-ல் நூலகம் எழுத்தில் விதிகள் கொண்டுவந்தது: நூலகப் பயன்பாட்டில் ஈடுபடாமல் சும்மா உட்காரக் கூடாது, அடுத்தவரைத் தொந்தரவு செய்யக் கூடாது, பிறருக்குத் தொல்லை தரும் அளவுக்கு உடல் நாற்றம் இருந்தால் வெளியேற வேண்டும். கிரைமர் வழக்குப் போட்டார். 1991-ல் மாவட்ட நீதிமன்றத்தில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. வீடில்லாதவர்கள் நம் கண்ணிலும் மூக்கிலும் படக் கூடாது என்று விரும்பினால் நாம் பறிக்க வேண்டியது அவர்களுடைய அந்த நிலையைத்தான், நூலக அட்டையை அல்ல என்ற பொருளில் நீதிபதி சரோக்கின் எழுதியது இன்றுவரை பேசப்படுகிறது. ஆனால் 1992-ல் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு மாறியது, நூலகத்தின் விதிகள் நியாயமானவைதான் என்றார்கள். இதை மட்டும் சொல்லி "பார்த்தீர்களா, நூலகம் ஜெயித்தது" என்பவர்கள் மறைக்கிற மறுபாதி ஒன்று இருக்கிறது. அதே தீர்ப்பில், தகவல் பெறுகிற உரிமை என்று ஒன்று உண்டு, பொது நூலகத்துக்குள் வருவது அதன் ஒரு பகுதி என்றும் அந்த நீதிமன்றம் ஒத்துக்கொண்டது.

இரண்டாவது, வாஷிங்டன் நகரத்தில். 1993-ல் குளிர்காலத்தில் வீடில்லாத ஒருவரை மைய நூலகத்தின் வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். அவர் எதுவும் செய்யவில்லை, தோற்றம் சரியில்லை, அவ்வளவுதான். "ஆட்சேபத்துக்குரிய தோற்றம்" உள்ளவர்களை அனுமதிக்க வேண்டாம் என்று அந்த நூலகத்தில் ஒரு விதி இருந்தது. 2001-ல் நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்றது. எது ஆட்சேபத்துக்குரியது என்று யார் தீர்மானிப்பது? வாசலில் அன்றைக்கு நிற்கிற காவலாளியா?

ஆக, ஒருவர் செய்கிற காரியத்துக்கு விதி போடலாம். அவருடைய தோற்றத்துக்குப் போட்டால் அந்த விதி நிற்காது.

நாற்றத்துக்கு என்ன செய்வது? உண்மையாகவே பக்கத்தில் உட்கார முடிவதில்லை.

எல்லாக் கேள்விகளிலும் கஷ்டமானது இதுதான். "மனிதாபிமானத்தோடு பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி நழுவிவிட எனக்கு மனமில்லை. குமட்டல் எடுத்தால் படிக்க முடியாது, அது படிக்க வந்தவரின் தப்பில்லை.

ஆனால் முதலில் அவர் எங்கே குளிப்பார் என்று யோசியுங்கள். குளிக்கவும் துணி துவைக்கவும் காயப்போடவும் காசில்லாத ஒருவருக்கு இருக்கிற இடங்கள் மிகமிகக் குறைவு. நூலகக் கழிவறையின் கைகழுவும் தொட்டியில் உடம்பைத் துடைத்துக்கொண்டால் அதற்கும் ஒரு விதி போட்டுத் துரத்துகிறோம். நாள் முழுக்க நடப்பதில் ஈரமான காலணி காய்வதே இல்லை, அதனால் கால் புண்ணாகிச் சீழ் பிடிக்கும். பல நேரங்களில் நாற்றம் என்று நாம் சொல்வது சிகிச்சை கிடைக்காத ஒரு நோய்.

என்ன செய்யலாம் என்றால், விதியைத் தெளிவாக வைக்க வேண்டும்: மற்றவர்கள் இடத்தை விட்டு எழுந்துபோகிற அளவுக்கு வாடை இருந்தால் அன்றைக்கு வெளியேறச் சொல்லலாம். அளவுக்கு மீறி வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு வருபவருக்கும் இது பொருந்தும், மூச்சிரைப்பு நோய் உள்ளவருக்கு அதுவும் தாங்காது. அப்புறம், சொல்கிற விதம். கூட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டு சத்தமாகச் சொல்லக் கூடாது. பணியாளர் ஒருவர் பக்கத்தில் போய், தாழ்ந்த குரலில், "ஐயா, கொஞ்சம் வெளியே வந்து பேசலாமா" என்று கூப்பிட்டு, விஷயத்தைச் சொல்லி, எங்கே குளிக்கலாம் என்ற விவரத்தைக் கையில் கொடுத்து, குளித்துவிட்டு இன்றைக்கே திரும்பி வரலாம் என்றும் சொல்ல வேண்டும். அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிட்டால் மிச்சம் இருப்பது விரட்டல்தான்.

குளிக்க இடமே இல்லாத ஊரென்றால் அந்த இடத்தை உண்டாக்குவதுதான் வேலை. சான் பிரான்சிஸ்கோவில் 2014-ல் லாவா மே என்ற அமைப்பு, ஓடி முடித்த நகரப் பேருந்துகளைக் குளியலறைகளாக மாற்றித் தெருத்தெருவாகக் கொண்டு நிறுத்தியது. நூலக வாசலில் வாரம் இரண்டு நாள் அப்படி ஒரு வண்டி நின்றால் இந்தப் புகாரில் பெரும்பகுதி தானாகவே குறையும்.

தூங்குகிறார்களே?

இரவில் தெருவில் படுப்பவர் உண்மையில் தூங்குவதில்லை. அடிக்க வருவார்களா, பையை எடுத்துவிடுவார்களா, எழுப்பி விரட்டுவார்களா என்று அரைக்கண் விழித்தே கிடக்க வேண்டும், பெண்களுக்கு இந்தப் பயம் இன்னும் பல மடங்கு. பகலில் பாதுகாப்பான ஒரு நாற்காலி கிடைத்தால் கண் சொருகத்தான் செய்யும்.

பல நூலகங்களில் தூங்கக் கூடாது என்று விதி இருக்கிறது, அதற்கு நாம் நினைக்காத ஒரு காரணமும் உண்டு. அசையாமல் கிடப்பவர் தூங்குகிறாரா, சர்க்கரை இறங்கி மயங்கிவிட்டாரா, போதைப்பொருள் அளவு மீறிப்போய் மூச்சு நின்றுகொண்டிருக்கிறதா என்று தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. பிலடெல்பியாவின் மெக்ஃபர்சன் சதுக்க நூலகத்தில் பணியாளர்கள், அளவு மீறிய போதைப்பொருளின் விளைவை முறிக்கிற நாலோக்சோன் மருந்து கொடுக்கப் பயிற்சி எடுத்துக்கொண்டு பல உயிர்களைக் காப்பாற்றியது 2017-ல் பெரிய செய்தியாக வந்தது. அதனால் பணியாளர் வந்து எழுப்பிப் பார்ப்பதில் தவறில்லை. எழுப்பி, நலமாக இருக்கிறார் என்று தெரிந்தபின் வெளியே தள்ளுவதுதான் தேவையில்லாதது. உட்கார்ந்தபடி கண்ணயர்வதை விட்டுவிடலாம், மூன்று நாற்காலியைச் சேர்த்துப்போட்டுப் படுப்பதையும் நடைவழியில் படுப்பதையும் தடுக்கலாம் என்பது என் கருத்து. தேர்வுப் புத்தகத்தின்மேல் தலைவைத்துத் தூங்குகிற மாணவரை யாரும் தட்டி எழுப்புவதில்லையே.

மனநலம் பாதிக்கப்பட்டவர்களும் போதையில் இருப்பவர்களும் வருகிறார்கள். குழந்தைகளோடு வருகிறவர்கள் எப்படி நம்பி வருவது?

இல்லாததைச் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள் என்று நான் சொல்லமாட்டேன். நூலகங்களில் அசம்பாவிதங்கள் நடந்திருக்கின்றன, பணியாளர்கள் அடி வாங்கியிருக்கிறார்கள். மிரட்டுகிறவர், கைநீட்டுகிறவர், பெண்களைத் தொந்தரவு செய்கிறவர், உள்ளேயே போதைப்பொருள் எடுக்கிறவர் யாராக இருந்தாலும் உடனே வெளியேற்ற வேண்டும், தேவைப்பட்டால் குறிப்பிட்ட காலத்துக்குத் தடையும் விதிக்க வேண்டும். இதில் இரக்கம் பார்க்கத் தேவையில்லை. அவரால் முதலில் பாதிக்கப்படுபவர் பெரும்பாலும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற இன்னொரு வீடில்லாதவர்தான்.

அதே நேரம், தனக்குத்தானே பேசிக்கொள்வதும் வினோதமாக உடுத்துவதும் ஆபத்தின் அறிகுறி இல்லை. மனநோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை, தாக்கப்படுவதுதான் அதிகம். குழந்தைகள் பகுதிக்கு நடைமுறையில் நன்றாக வேலை செய்கிற ஒரு விதி இருக்கிறது: குழந்தையோடு வராத பெரியவர்கள், அங்குள்ள நூல்களை எடுக்க வந்தால் தவிர, அந்தப் பகுதியில் உட்காரக் கூடாது. இது எல்லாப் பெரியவர்களுக்கும்தான். கண்ணியமாக உடுத்தி வருகிற ஆளிடமிருந்தும் குழந்தைக்குப் பாதுகாப்பு வேண்டும் அல்லவா.

இன்னொன்று. குழந்தைகளுக்காகத்தான் கேட்கிறோம் என்கிறவர்கள், வீடில்லாத குழந்தைகளையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். காரிலும் தற்காலிகத் தங்குமிடத்திலும் அம்மாவோடு படுத்தெழுந்து பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு மேசையும் விளக்கும் கிடைப்பது நூலகத்தில்தான்.

யார் வீடில்லாதவர் என்று பார்த்தாலே தெரியுமே?

தெரியாது. நண்பர் வீட்டுத் திண்ணையில் மாறி மாறிப் படுக்கிறவர், காரில் தூங்கிவிட்டுத் துவைத்த சட்டையோடு வேலைக்குப் போகிறவர், கணவனின் அடிக்குப் பயந்து கைக்குழந்தையோடு வெளியேறியவர் எல்லோரும் வீடில்லாதவர்கள்தான். இவர்கள் உங்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் உங்களுக்குத் தெரியாது. நமக்குக் கண்ணில் படுவது அழுக்குத் துணியும் பெரிய பையும்தான். அப்படிப் பார்த்து வடிகட்டத் தொடங்கினால், வேலை முடித்து அப்படியே வருகிற துப்புரவுப் பணியாளரும் கட்டுமானத் தொழிலாளியும் சேர்ந்தே வாசலில் நிறுத்தப்படுவார்கள்.

மூட்டைப்பூச்சி வருமே?

வரும், ஆனால் பெரும்பாலும் இரவல் போன புத்தகத்தின் முதுகில் ஒளிந்துகொண்டு வீடுகளிலிருந்து வரும். வீடில்லாத வாசகர் பெரும்பாலும் இங்கேயே உட்கார்ந்து படித்துவிட்டுப் போகிறவர். எப்படி வந்தாலும் தீர்வு ஒன்றுதான்: துணி இருக்கைகளுக்குப் பதில் துடைக்கக்கூடிய இருக்கைகள், திரும்பி வரும் நூல்களைப் புரட்டிப் பார்ப்பது, சந்தேகமானவற்றைச் சூடேற்றும் பெட்டியில் வைப்பது. சுமார் 50 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை மூட்டைப்பூச்சியால் தாங்க முடியாது.

முகவரியே இல்லாதவருக்கு உறுப்பினர் அட்டை கொடுத்தால் புத்தகம் திரும்பி வருமா?

சில வராது. வீடுள்ளவர்கள் எடுத்த புத்தகங்களிலும் சில வருவதில்லை. பல நூலகங்கள் இதற்கு ஒரு நடுவழி வைத்திருக்கின்றன: முகவரிச் சான்று இல்லாதவருக்கு ஒன்றிரண்டு நூல் மட்டும் எடுக்கவும் கணினியைப் பயன்படுத்தவும் அனுமதிக்கிற அட்டை, அல்லது தங்குமிடப் பொறுப்பாளரின் கடிதத்தை முகவரியாக ஏற்பது. தொலைந்தால் நஷ்டம் ஒரு புத்தகம்தான். தாமதக் கட்டணத்தைப் பற்றியும் யோசிக்க வேண்டும். சிகாகோவும் சான் பிரான்சிஸ்கோவும் 2019-ல், நியூயார்க் 2021-ல் அதை அடியோடு எடுத்துவிட்டன. சிகாகோவில் அதற்குப் பிறகு பல நாள் வராமல் இருந்த புத்தகங்கள் திரும்பி வந்தன, கடனுக்குப் பயந்து ஒதுங்கியிருந்த வாசகர்களும் வந்தார்கள்.

நூலகர்கள் சமூகப் பணியாளர்களா? அவர்கள்மேல் ஏன் இவ்வளவு பாரம்?

இந்தக் கேள்வி கேட்பவர்கள் பக்கம்தான் நானும். நூலகவியல் படித்து, நூல்களை வகைப்படுத்தவும் வாசகருக்குத் தேடித்தரவும் வேலைக்கு வந்த ஒருவரைப் பார்த்து, வலிப்பு வந்தவரைத் தாங்கிப்பிடி, சண்டையை விலக்கு, தற்கொலை பற்றிப் பேசுகிறவருக்கு ஆறுதல் சொல், அப்புறம் கழிவறையைத் திறந்து யாராவது விழுந்து கிடக்கிறார்களா என்று பார் என்றால், அவர் எத்தனை மாதம் தாங்குவார்? வீட்டுவசதிக்கும் மனநல மருத்துவத்துக்கும் செலவழிக்க வேண்டிய பணத்தை அரசுகள் செலவழிக்காமல் விட்டதன் விளைவு, சம்பளம் உயராத, ஆள் சேர்க்காத ஒரு நூலகத்தின் மேசைக்கு வந்து நிற்கிறது. எனக்குக் கோபம் வருகிற இடம் இது. வாசலில் வந்து நிற்கிற வீடில்லாதவர்மேல் இல்லை, அவரை அங்கே தள்ளிவிட்டுக் கைகழுவியவர்கள்மேல்.

தீர்வு இருக்கிறது, செய்தும் காட்டியிருக்கிறார்கள். சான் பிரான்சிஸ்கோ பொது நூலகம் 2009-ல் முழுநேர சமூகப் பணியாளர் ஒருவரை நியமித்தது, அமெரிக்க நூலகங்களில் அதுதான் முதல்முறை. அவருக்குத் துணையாக, முன்பு தெருவில் வாழ்ந்து மீண்டவர்களையே சம்பளத்துக்கு எடுத்தார்கள். கழிவறைப் பக்கமும் வாசிப்பு அறைகளிலும் சுற்றிவந்து, எங்கே சாப்பாடு கிடைக்கும், எங்கே படுக்கை கிடைக்கும், எந்த மனுவை எங்கே கொடுக்க வேண்டும் என்று எடுத்துச் சொல்வது அவர்கள் வேலை. தான் பட்ட பாட்டை வைத்துப் பேசுகிறவரின் பேச்சு எடுபடும், சீருடைக் காவலாளியின் அதட்டல் அந்த அளவுக்கு எடுபடாது. அதற்குப் பிறகு வேறு பல நகர நூலகங்களும் இந்த வழிக்கு வந்தன. அமெரிக்க நூலகச் சங்கம் ஏழைகளுக்கான நூலகச் சேவை பற்றி 1990-லேயே கொள்கை வகுத்தது, உலக நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பான இஃப்லா வீடில்லாதவர்களுக்கான சேவைக்கென்றே 2017-ல் வழிகாட்டி வெளியிட்டது.

சமூகப் பணியாளரை வைக்க வசதியில்லாத சிறு நூலகம் என்ன செய்யும்? வாரத்தில் ஒரு நாள் சுகாதாரத் துறையிலிருந்தோ தொண்டு அமைப்பிலிருந்தோ ஒருவர் வந்து ஒரு மேசையில் உட்காரட்டும், நூலகம் மேசையை மட்டும் கொடுத்தால் போதும். எந்த நேரத்திலும் குறைந்தது இரண்டு பேர் பணியில் இருக்க வேண்டும், கோபத்தைத் தணித்துப் பேசுவதற்குப் பயிற்சி வேண்டும், மோசமான சம்பவம் நடந்த அன்று பணியாளரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். சமூகப் பணியாளரின் சம்பளம் புத்தகம் வாங்குகிற பணத்திலிருந்து போகக் கூடாது, வீட்டுவசதி அல்லது சுகாதாரக் கணக்கிலிருந்துதான் வர வேண்டும் என்பதில் நூலகர்கள் பிடிவாதமாக இருக்க வேண்டும்.

அப்படியென்றால் அரசு வீடு கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமே. நூலகத்தை ஏன் இழுக்கிறீர்கள்?

கொடுக்கட்டும், அதைவிட நல்லது எதுவும் இல்லை. பின்லாந்தில் 1987-ல் 18 ஆயிரம் பேர் அளவில் வீடில்லாமல் இருந்தார்கள். முதலில் வீடு, மற்ற உதவியெல்லாம் அதற்குப் பிறகு என்ற கொள்கையை 2008-ல் தேசிய அளவில் கொண்டுவந்தார்கள், 2022-ல் அந்த எண்ணிக்கை 4 ஆயிரத்துக்கும் கீழே வந்தது. அதே நாடு 2018-ல் ஹெல்சின்கியில் ஊடி என்ற பிரம்மாண்டமான நூலகத்தையும் நாடாளுமன்றத்துக்கு எதிரிலேயே திறந்தது. ஒன்று இருந்தால் மற்றொன்று வேண்டாம் என்று அவர்கள் நினைக்கவில்லை. வீடு கிடைக்கும்வரை ஒருவர் பகலில் எங்காவது இருந்தாக வேண்டும், வீடு கிடைத்த பிறகும் அவர் படிப்பார்.

மற்ற வாசகர்கள் வருவதையே நிறுத்திவிட்டால்?

இந்தப் பயம் நிஜமானது. நூலகத்தை எல்லோரும் கைவிட்டால் அதற்கு வருகிற நிதியும் நின்றுவிடும், கடைசியில் யாருக்கும் நூலகம் இருக்காது. ஆனால் மக்கள் ஒதுங்குவதற்குப் பெரும்பாலும் காரணம் உட்கார இடமில்லாதது, கழிவறை அசுத்தம், விதிகளை ஒருநாள் அமல்படுத்தி ஒருநாள் விட்டுவிடுவது. இவை மூன்றும் நிர்வாகம் சரிசெய்யக் கூடியவை. அமைதி அறை தனி, பேசக்கூடிய இடம் தனி, குழந்தைகள் இடம் தனி என்று பிரித்து, கழிவறையை மணிக்கொருமுறை சுத்தம் செய்து, விதியைத் தினமும் ஒரே மாதிரி கடைப்பிடித்தால் வாசகர்கள் வருவார்கள்.

பக்கத்தில் இருப்பவரால் எனக்குத் தொந்தரவு. நான் என்ன செய்ய வேண்டும்?

தொந்தரவு என்ன என்பதைப் பணியாளரிடம் சொல்லுங்கள். "ஒரு ஆள் இருக்கிறார்" என்று சொல்லாமல், "சத்தமாகப் பேசுகிறார்", "என் பையைத் தொட்டார்" என்று நடந்ததைச் சொல்லுங்கள். சொல்ல அப்படி எதுவும் இல்லை, அவர் இருப்பதே பிடிக்கவில்லை என்றால் வேறு நாற்காலிக்கு மாறிக்கொள்ளுங்கள். தூங்குகிறவரைப் படம் எடுத்துச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள், தயவுசெய்து. அந்தப் படத்தை அவருடைய பிள்ளைகளோ, நாளைக்கு அவருக்கு வேலை கொடுக்கப் போகிறவரோ பார்க்கக்கூடும்.

எங்கள் நூலகத்துக்கு விதிப் பலகை எழுதப் போகிறோம். என்ன எழுதலாம்?

முதலில், "பிச்சைக்காரர்கள்", "நாடோடிகள்", "தகுந்த தோற்றம்" போன்ற சொற்கள் பலகையில் இருக்கவே கூடாது. கத்துவது, மிரட்டுவது, பின்தொடர்வது, போதை, வழியை மறிப்பது, மற்றவர் எழுந்துபோகிற அளவு வாடை என்று செயலையும் விளைவையும் மட்டும் எழுதுங்கள். பைகளுக்கு அளவு வைக்கலாம், ஆனால் அளவுக்கு மேல் இருந்தால் வைத்துவிட்டு வர ஓர் அலமாரியும் கொடுங்கள், இல்லாவிட்டால் "உன் சொத்தையெல்லாம் தெருவில் விட்டுவிட்டு வா" என்று சொல்வதாகிவிடும். எழுதும் முன் வீடில்லாத வாசகர்கள் இரண்டு மூன்று பேரைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டுங்கள், நமக்குத் தோன்றாத ஓட்டைகளை அவர்கள் சொல்வார்கள்.

தடை விதித்தால் எத்தனை நாள், என்ன காரணம், யாரிடம் முறையிடலாம் என்பதை எழுதி அவர் கையிலேயே கொடுங்கள். முகவரி இல்லாதவருக்குத் தபாலில் பதில் போட முடியாது. அதனால் முறையீட்டின் முடிவைத் தெரிந்துகொள்ள எந்த நாள், எந்த மேசைக்கு வர வேண்டும் என்று அந்தத் தாளிலேயே குறித்துவிடுங்கள், தடை முடியாவிட்டாலும் அந்த ஒரு வேலைக்காக அவரை உள்ளே விட வேண்டும் என்று காவலாளியிடமும் சொல்லி வையுங்கள்.